கரிபிடித்த பானையின் சாட்சியம்: ரோமானியர் காலத்துக் கிராமத்து அடுப்படி

மாணவர்களே, ரோமானியப் பேரரசு என்றதும் உங்கள் மனத்தில் என்னென்ன தோன்றுகிறது? கொலோசியம் அரங்கம், ஜூலியஸ் சீசர், கேடயம் ஏந்திய படைவீரர்கள், பளிங்குச் சிலைகள். திரைப்படங்களும் வரலாற்றுப் பாடநூல்களும் நமக்குக் காட்டுபவை பெரும்பாலும் இவைதாம். ஆனால், அந்தப் பேரரசில் வாழ்ந்தவர்களில் பெரும்பாலோர் கொலோசியத்தைக் கண்ணால் கண்டதே இல்லை. அவர்கள் கிராமங்களிலும் சிறு பண்ணைகளிலும் வாழ்ந்த உழவர்கள். பேரரசின் மக்களில் பத்துப் பேருக்கு எட்டுப் பேராவது நாட்டுப்புறத்தில்தான் இருந்தனர் என்று வரலாற்றாய்வாளர்கள் கணிக்கின்றனர்.

அந்த எட்டுப் பேரைப் பற்றி நமக்கு எப்படித் தெரியும்? நூல்களை எழுதியவர்கள் செல்வந்தர்கள். எடுத்துக்காட்டாக, கேட்டோ என்ற ரோமானியர் கி.மு. 160ஆம் ஆண்டுவாக்கில் வேளாண்மை பற்றி ஒரு நூல் எழுதினார். ரொட்டி மாவைப் பிசைந்து, சுட்ட மண்மூடியைக் கவிழ்த்து, அதனடியில் வேகவைக்கும் முறைகூட அதில் உண்டு. ஆனால், அது நிலத்துக்குச் சொந்தக்காரர் எழுதிய நூல். அந்த நிலத்தில் உழைத்தவர்கள் மாலையில் வீடு திரும்பி அடுப்பில் என்ன ஏற்றினார்கள் என்பதை அவர்களே எழுதி வைக்கவில்லை. அவர்களில் பெரும்பாலோருக்கு எழுதத் தெரியாது.

அவர்கள் விட்டுச்சென்றது வேறொன்று: உடைந்த சமையல் பானை. அறிவியல் கற்றவர் கையில் அந்தப் பானைச் சில்லு ஒரு சாட்சியாகப் பேசுகிறது. எப்படி என்பதை இந்த வாரம் படிப்படியாகப் பார்ப்போம்.

பானைச் சில்லு ஏன் மண்ணோடு மண்ணாகவில்லை?

மரக்கரண்டி மக்கிவிடும். கூடை, துணி, தோல் எல்லாம் மக்கிவிடும். வெண்கலப் பாத்திரம் ஓட்டையானால் உருக்கி வேறொன்று செய்துகொள்ளலாம். எனவே, அதை யாரும் குப்பையில் போடுவதில்லை. மண்பானைக்கு மட்டும் இந்த இரண்டு வழியும் இல்லை.

ஈரக் களிமண்ணைக் காயவைத்தால் அது கட்டியாகும். மீண்டும் நீர் ஊற்றினால் குழைந்துவிடும். இது பௌதிக மாற்றம். ஆனால், அதே களிமண்ணை ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சுட்டால், களிமண் படிகங்களின் கட்டமைப்பிலேயே பிணைந்திருக்கும் நீர் வெளியேறி, படிக அமைப்பு மாறிவிடுகிறது. இது இரசாயன மாற்றம். அதன்பின் எவ்வளவு நீர் ஊற்றினாலும் அது மீண்டும் குழையும் களிமண் ஆகாது. உடைந்த பானையை உருக்கவும் முடியாது, கரைக்கவும் முடியாது. குப்பைக் குழியிலோ வயல் ஓரத்திலோ வீசினார்கள். 1,800 ஆண்டுகள் கழித்தும் அது அங்கேயே கிடக்கிறது.

ஒரு பண்ணை வீட்டுக்குள் செல்வோம்

ரோமானியக் கிராம வாழ்வை அறிய நல்ல இடங்களுள் ஒன்று பிரிட்டன். ரோமானியப் படை கி.பி. 43இல் அங்கே நுழைந்தது. அவர்களுடைய ஆட்சி கி.பி. 410ஆம் ஆண்டுவாக்கில் முடிந்தது. இங்கிலாந்தில் 1990 முதல், சாலையோ வீடமைப்புத் திட்டமோ தொடங்குமுன் அந்த நிலத்தில் தொல்லியல் ஆய்வு நடத்துவது நடைமுறைக்கு வந்தது. இதனால் அரண்மனைகளும் கோட்டைகளும் இல்லாத சாதாரண வயல்வெளிகளிலும் அகழாய்வு நடந்தது. ரீடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய முடிவுகளைத் தொகுத்தபோது, ரோமானியர் காலத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 2,500 நாட்டுப்புறக் குடியிருப்புகளின் விவரங்கள் ஒரே இடத்தில் கிடைத்தன.

கி.பி. 2ஆம் நூற்றாண்டில் தென் இங்கிலாந்தில் ஒரு பண்ணை வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பல இடங்களில் வீடு இன்னும் வட்ட வடிவில்தான் இருக்கிறது. குச்சிகளைப் பின்னி மண் பூசிய சுவர். வைக்கோலோ நாணலோ வேய்ந்த கூம்புக் கூரை. புகைபோக்கி கிடையாது, புகை கூரையின் இடுக்குகள் வழியே மெல்லக் கசிந்து வெளியேறும். வீட்டின் நடுவில் தரையோடு தரையாக அடுப்பு. வெளிச்சமும் வெப்பமும் சமையலும் அந்த ஒரே நெருப்பில்தான்.

அருகில் தானியம் அரைக்கும் திரிகைக் கல் இருக்கிறது. ஸ்பெல்ட் எனப்படும், உமி எளிதில் நீங்காத கோதுமை வகையும் பார்லியும் முக்கியத் தானியங்கள். கொட்டிலில் மாடும் ஆடும். அடுப்பில் ஒரு கறுத்த பானை கொதித்துக்கொண்டிருக்கிறது. இனி அந்தப் பானையைக் கவனிப்போம்.

நெருப்பில் வைத்தும் ஏன் வெடிக்கவில்லை?

சாதாரணக் கண்ணாடிக் குவளையில் கொதிக்கும் நீரைத் திடீரென ஊற்றினால் விரிசல் விடும் என்பது உங்களுக்குத் தெரியும். காரணம் வெப்ப விரிவு. சூடான பக்கம் விரிகிறது. சூடு இன்னும் எட்டாத பக்கம் விரிய மறுக்கிறது. இரண்டுக்கும் இடையே இழுபறி ஏற்பட்டுப் பொருள் பிளக்கிறது. இதை வெப்ப அதிர்ச்சி என்கிறோம்.

மண்பானைக்கு இந்த ஆபத்து அதிகம். அலுமினியம், சுட்ட மண்ணைவிட நூறு மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே, அலுமினியச் சட்டியின் உள்ளும் புறமும் கிட்டத்தட்ட ஒரே சூட்டில் இருக்கும். மண்பானையின் வெளிப்புறமோ தழலில் பல நூறு டிகிரியைத் தொடும். குழம்பு இருக்கும் உட்புறம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான தடிமனில் இவ்வளவு வேறுபாடு! அப்படியானால், அந்தப் பானை முதல் நாளே வெடித்திருக்க வேண்டுமே?

வெடிக்காததற்குக் காரணம் மணல். குயவர்கள் களிமண்ணோடு நிறைய மணலைக் கலந்தார்கள். அந்த மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ் என்ற கனிமம். சூட்டில் குவார்ட்ஸ் களிமண்ணைவிட அதிகமாக விரியும். அதுமட்டுமன்று, 573 டிகிரி செல்சியசில் அதன் படிக அமைப்பு மாறி, பருமன் சட்டென்று கூடும். சூளை ஆறும்போது இதற்கு நேர்மாறாக, மணல்துகள் களிமண்ணைவிட அதிகமாகச் சுருங்குகிறது. ஒவ்வொரு துகளைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இடைவெளிகள் உண்டாகின்றன.

இடைவெளிகள் இருந்தால் பானை பலவீனமாகத்தானே ஆகும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. ஓரளவுக்கு உண்மையும்கூட. மணல் கலந்த பானையில் முதல் விரிசலை உண்டாக்க அதிக விசை தேவையில்லை. ஆனால், அந்த விரிசல் வெகுதூரம் ஓடாது. விரிசல் வளர்வது அதன் கூர்மையான நுனியில்தான். விசை முழுவதும் அங்கே குவிகிறது. ஓடிவரும் விரிசல் ஒரு நுண்ணிடைவெளியில் விழுந்தால் நுனியின் கூர்மை மழுங்கிவிடும். குவிந்த விசை பரவிவிடும். விரிசல் நின்றுவிடும். விரிசல் விட்ட உலோகத் தகட்டில் விரிசலின் முனையில் பொறியாளர்கள் சிறு துளை போடுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

எளிதில் விரிசல் தொடங்காதிருப்பது ஒரு பண்பு; தொடங்கிய விரிசல் பரவாதிருப்பது வேறொரு பண்பு. சமையல் பானைக்கு இரண்டாவதுதான் முக்கியம். விரிசல்கள் சிறியவையாகவும் ஒன்றோடொன்று சேராமலும் இருக்கும்வரை பானை நெருப்பைத் தாங்கும். இந்தக் குயவர்கள் பொருள் அறிவியல் படித்தவர்கள் அல்லர். எந்த மண்ணில் எவ்வளவு மணல் சேர்த்தால் பானை நெருப்பில் நிற்கும் என்பதைத் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துக் கற்றவர்கள்.

கறுப்பு வந்தது எப்படி?

நாம் பேசிக்கொண்டிருக்கும் பானைக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் "கறுப்பு மெருகுப் பாண்டம்". இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செட் மாவட்டத்தில், பூல் துறைமுகத்தை ஒட்டிய பகுதியில் இவை செய்யப்பட்டன. ரோமானியர் வருவதற்கு முன்பே அங்கே இந்தக் கைத்தொழில் இருந்தது. பானைகளைச் சக்கரத்தில் வனையவில்லை, கையாலேயே உருவாக்கினார்கள்.

களிமண்ணில் இரும்பு உண்டு. சூளையில் காற்று தாராளமாகக் கிடைத்தால் இரும்பு ஆக்சிஜனுடன் நன்கு சேர்ந்து சிவப்பு இரும்பு ஆக்சைடு ஆகிறது. பானை செங்கல் நிறம் பெறுகிறது. நெருப்பை மூடிக் காற்றைக் குறைத்தால் புகை சூழ்கிறது. ஆக்சிஜன் பற்றாக்குறையால் இரும்பு கறுப்பு ஆக்சைடாகிறது. புகையின் கரித்துகள்களும் ஓட்டுக்குள் படிகின்றன. பானை கறுப்பாகிறது. நீங்கள் படிக்கும் ஆக்சிஜனேற்றமும் ஒடுக்கமும்தான் இங்கே நிறத்தை முடிவு செய்கின்றன.

அடுத்தது மெருகு. பானை முழுவதும் காயுமுன் வழவழப்பான கூழாங்கல் போன்ற கருவியால் தேய்ப்பார்கள். மேற்பரப்பில் உள்ள நுண்துகள்கள் படிந்து அழுந்துவதால் துளைகள் குறையும்; நீர்க்கசிவும் குறையும்; பளபளப்பும் வரும். பானையின் நடுப்பகுதியை மட்டும் தேய்க்காமல் விட்டு, அதில் குறுக்கும் நெடுக்கும் சாய்ந்த கோடுகள் இழுத்து வலைபோன்ற அலங்காரம் செய்தார்கள்.

இந்த அலங்காரம் ஆய்வாளர்களுக்கு நாள்காட்டியாகவும் உதவுகிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அந்தக் கோடுகள் குறுங்கோணத்தில் வெட்டிக்கொண்டன. காலப்போக்கில் கோணம் விரிந்து செங்கோணத்தை நெருங்கியது. 3ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 4ஆம் நூற்றாண்டிலும் விரிகோணம் ஆனது. ஒரு சில்லில் உள்ள கோணத்தைப் பார்த்தே அது எந்தக் காலத்தது என்று ஓரளவு சொல்லிவிடலாம்!

மணல் சொன்ன முகவரி

இங்கிலாந்தின் வடக்கே ஹேட்ரியன் சுவர் இருக்கிறது. பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122இல் கட்டத் தொடங்கிய எல்லைச் சுவர் அது. அங்கிருந்த படைவீரர்களின் கோட்டைகளிலும் இதே கறுப்புப் பானைகள் கிடைக்கின்றன. அவை டோர்செட்டிலிருந்து வந்தவையா, அல்லது அங்கேயே யாரோ பார்த்துச் செய்தவையா? வெறும் கண்ணால் பார்த்துச் சொல்வது கடினம்.

இதற்கு விடை தந்தது மணல்தான். 1960களில் டேவிட் பீகாக் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் ஒரு முறையைப் பானைகளுக்குப் பயன்படுத்தினார். சில்லைப் பொடியாக்கி, அடர்த்தி மிக்க ஒரு திரவத்தில் போடுவார்கள். குவார்ட்ஸ் மிதக்கும், அதைவிட அடர்த்தியான கனிமங்கள் மூழ்கும். மூழ்கியவற்றை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள். ஒவ்வொரு வட்டார மணலிலும் இந்தக் கனிமங்களின் விகிதம் வேறுபடும். அது ஏறத்தாழ நம் கைரேகையைப் போன்றது.

கறுப்பு மெருகுப் பானைகளின் மணலில் டூர்மலின் என்ற கனிமம் மிகுதியாக இருந்தது. பூல் துறைமுகப் பகுதி மணலும் அப்படிப்பட்டதே. வடக்கு எல்லையில் கிடைத்த பானைகளிலும் அதே அடையாளம் இருந்தது. ஆக, ஏழை எளியவர்களின் அடுப்பில் இருந்த இந்தச் சாதாரணப் பானை, தென்கரையிலிருந்து ஏறத்தாழ 480 கிலோமீட்டர் தொலைவு வடக்கே போயிருக்கிறது. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்கு உள்ளதைவிட அதிகத் தூரம்! இதன் புகழைக் கண்டு, தேம்ஸ் ஆற்றின் முகத்துவாரப் பகுதியில் இருந்தவர்கள் இதே போன்ற பானைகளைச் செய்து விற்றனர். அவற்றுள் பல சக்கரத்தில் வனைந்தவை, மணலும் வேறு.

கரியும் சுண்ணாம்பும்

பானையைச் செய்தவர்களைப் பார்த்தோம். பயன்படுத்தியவர்களிடம் வருவோம். ஒரு சில்லைக் கையில் எடுத்ததும் ஆய்வாளர் முதலில் பார்ப்பது கரி எங்கே படிந்திருக்கிறது என்பதைத்தான்.

பானையின் பக்கங்களில் கரி கனமாகப் படிந்து, அடிப்பாகம் மட்டும் வெளிறியிருந்தால், அது தழலின் நடுவே நேராக அமர்ந்திருந்தது எனலாம். அடியில் வெப்பம் மிக அதிகம். அங்கே படிந்த கரியும் எரிந்துபோய்விட்டது. அடியிலும் கரி சீராகப் படிந்திருந்தால், பானை நெருப்புக்குச் சற்று மேலே தாங்கி மீது இருந்திருக்கலாம். உட்புறத்தில் கருகிய பொருக்கு ஒட்டியிருந்தால், என்றோ ஒருநாள் நீர் வற்றி உணவு அடிப்பிடித்திருக்கிறது. 1,800 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒருவர் அடுப்பை விட்டு அப்பால் போயிருந்த சில நிமிடங்கள் அந்தப் பொருக்கில் பதிவாகியிருக்கின்றன.

சில பானைகளின் உட்புறத்தில் வெள்ளைப் படிவு காணப்படுகிறது. இது உங்கள் இரசாயனப் பாடத்தில் வரும் செய்திதான். தென் இங்கிலாந்தின் பல பகுதிகளில் நிலத்தடியில் சுண்ணப் பாறை உண்டு. ஆகவே, அங்குள்ள நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். அது கடின நீர். கொதிக்கும்போது அந்தப் பைகார்பனேட் சிதைந்து, கரியமில வாயு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் படிகிறது. அப்படியானால், வெள்ளைப் படிவு கண்ட பானையில் என்ன சமைத்தார்கள்? திரும்பத் திரும்ப நீர் காய்ச்சியிருக்கிறார்கள். அது அந்த வீட்டின் வெந்நீர்ப் பானை.

ஓட்டுக்குள் ஒளிந்திருக்கும் குழம்பு

மிக நுட்பமான சாட்சியம் கண்ணுக்குத் தெரிவதில்லை. மெருகு போட்டாலும் மண்பானையில் நுண்துளைகள் எஞ்சியிருக்கும். கொதிக்கும் உணவிலுள்ள கொழுப்பு அந்தத் துளைகளுக்குள் ஊறிவிடும். கொழுப்பு நீரில் கரையாது. எனவே, மண்ணில் புதைந்து மழைநீர் பட்டாலும் ஓட்டுக்குள் ஒரு பங்கு தங்கிவிடுகிறது.

அதை வெளியே எடுப்பது எப்படி? சில்லின் மேற்பரப்பைச் சுரண்டி நீக்கிவிட்டு, ஏறத்தாழ 2 கிராம் அளவுக்குப் பொடியாக்குவார்கள். கரிமக் கரைப்பானில் அந்தப் பொடியை இட்டுக் கொழுப்பைக் கரைத்தெடுப்பார்கள். பின்னர், வளிம நிறப்பிரிகைக் கருவி கலவையிலுள்ள மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரிக்கும். நிறை நிறமாலைமானி அவை என்னென்ன என்று அடையாளம் காட்டும். இந்த ஆய்வுமுறையை வளர்த்தெடுத்தவர்களுள் முதன்மையானவர் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்ட் எவர்ஷெட். முட்டைகோஸ் குடும்பத்து இலைகளின் மேல் உள்ள மெழுகு, தேன்மெழுகு, விலங்குக் கொழுப்பு ஆகியவற்றை இப்படிப் பிரித்தறியலாம்.

அந்த விலங்குக் கொழுப்பு மாட்டிறைச்சியிலிருந்து வந்ததா, பாலிலிருந்து வந்ததா என்பதைக்கூடக் கண்டுபிடிக்க முடியும். எப்படி? கார்பன் அணுக்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு கார்பன்-12. மீதம் ஒரு விழுக்காட்டளவு, சற்றே கனமான கார்பன்-13. 18 கார்பன் அணுக்களைக் கொண்ட ஸ்டியரிக் அமிலம் என்றொரு கொழுப்பமிலம் உண்டு. மாடு இறைச்சிக் கொழுப்புக்காக இதைத் தன் உடலிலேயே உருவாக்கிக்கொள்ளும். ஆனால், பால் சுரப்பியால் இதை உருவாக்க முடியாது; தின்ற புல்லிலிருந்து வந்ததைத்தான் எடுத்துப் பாலில் சேர்க்கும். இரண்டு வழிகளிலும் கார்பன்-13இன் அளவு சற்று மாறுபடும். அந்தச் சிறு வேறுபாட்டை அளந்தால் பாலா இறைச்சியா என்று தெரிந்துவிடும். பிரிட்டனில் ரோமானியர் வருவதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மக்கள் பால் பயன்படுத்தினார்கள் என்பது இந்த முறையால்தான் உறுதியானது.

ரோமானியர் கொண்டுவந்த புதிய பாத்திரம் ஒன்றையும் இப்படிச் சோதித்தார்கள். மோர்டாரியம் என்பது அதன் பெயர். உட்புறத்தில் கரடுமுரடான கற்துகள்கள் பதித்த, பிடிக்க வசதியான தடித்த விளிம்பும் ஊற்ற மூக்கும் கொண்ட அகன்ற சட்டி. மசாலை அரைக்க மட்டுமே பயன்பட்டிருக்கும் என்று பலரும் எண்ணியிருந்தனர். 2011இல் வெளிவந்த ஆய்வில், இச்சட்டிகளில் தாவரப் பொருள்களும் விலங்குக் கொழுப்பும் கலந்திருந்தது தெரியவந்தது. வடிவத்தை வைத்துச் செய்த ஊகத்தை மூலக்கூறு திருத்திவிட்டது.

சாட்சி சொல்லாதவை

ஒரு சாட்சி எதைச் சொல்லாது என்பதையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். அதுவும் அறிவியலின் ஒரு பகுதிதான்.

இந்த ஆய்வு கொழுப்பைத்தான் காட்டும். பார்லிக் கஞ்சியில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. அது மண்ணில் நுண்ணுயிர்களால் எளிதில் சிதைந்துவிடும். பானைகளை மட்டும் நம்பினால் அந்த மக்கள் கஞ்சியே குடிக்காமல் பாலும் இறைச்சியும் மட்டும் உண்டார்கள் என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவோம். எனவே, அடுப்புச் சாம்பலும் குழி மண்ணும் நீரில் கரைக்கப்படுகின்றன. கருகிய தானியங்கள் எடை குறைந்தவை என்பதால் மேலே மிதக்கும். அவற்றை வடிகட்டி எடுத்து, எந்தத் தானியம் என்று அடையாளம் காண்கிறார்கள்.

மேலும், ஒரு பானையில் ஒரே நாள் சமைப்பதில்லை. திங்கட்கிழமை கீரை, செவ்வாய்க்கிழமை ஆட்டிறைச்சி என்று சமைத்தாலும், ஓட்டுக்குள் எல்லாம் ஒன்றாகவே கலந்திருக்கும். அது பானையின் வாழ்நாள் முழுவதுக்குமான பதிவு. ஒருநாள் சாப்பாட்டுப் பட்டியல் அன்று.

நம் கைகளும் பொய்ச்சாட்சி உண்டாக்கக்கூடும். விரலில் எண்ணெய்ப்பசை உண்டு. பிளாஸ்டிக் பைகளிலிருந்தும் இரசாயனங்கள் ஒட்டிக்கொள்ளும். ஆகவே, சோதனைக்குப் போகும் சில்லை வெறுங்கையால் தொடாமல், கழுவாமல், அலுமினியத் தாளில் சுற்றி வைப்பது வழக்கம்.

எல்லாம் சேர்ந்து என்ன சொல்கின்றன?

ஒரு சில்லு ஒரு வீட்டைப் பற்றிச் சொல்லும். ஆயிரக்கணக்கான சில்லுகளை எண்ணினால் ஒரு சமுதாயமே தெரியும். ரோமானிய பிரிட்டனின் நகரங்களில் தட்டுகளும் கிண்ணங்களும் அகன்ற சட்டிகளும் நிறையக் கிடைக்கின்றன. நாட்டுப்புறங்களிலோ உயரமான பானைகளின் பங்குதான் அதிகம். ஒரே பானையில் கூழோ குழம்போ கொதிக்கவைத்துப் பகிர்ந்துண்ணும் பழைய வழக்கம் கிராமங்களில் நெடுங்காலம் நீடித்தது என்பதற்கு இது ஒரு சான்று. ஆட்சி மாறியதும் அடுப்படி உடனே மாறிவிடவில்லை. நாளடைவில்தான் கிராமங்களிலும் தட்டுகளும் சட்டிகளும் பெருகின.

இன்றைய பிரான்ஸ் நாட்டிலிருந்து வந்த பளபளக்கும் சிவப்புக் கிண்ணங்களும் சில பண்ணைகளுக்கு எட்டியிருக்கின்றன. அவை உடைந்தபோது, துளையிட்டு ஈயத்தால் இணைத்து மீண்டும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உடைந்த பானைச் சில்லையும் வீணாக்கவில்லை. வட்டமாகத் தேய்த்து நடுவில் துளையிட்டு, நூல் நூற்கும் தக்களிக்கு வட்டாக மாட்டியிருக்கிறார்கள். இறந்தவரை எரித்த சாம்பலை வைக்கவும் கறுப்புப் பானைகள் பயன்பட்டன. அடுப்பில் இருந்த அதே வகைப் பானை கல்லறைக்கும் துணையாகச் சென்றது.

கடைசியாக ஒரு செய்தி. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமானிய ஆட்சி விலகியது. அடுத்த சில பத்தாண்டுகளில் பிரிட்டனின் பெரிய பானைத் தொழில்கள் நின்றுபோயின. டோர்செட்டின் கறுப்புப் பானைகளும் மறைந்தன. வாங்க நாணயம் இல்லை. வண்டியிலும் கப்பலிலும் சரக்கு போவது நின்றது. மொத்தமாக வாங்கப் படையும் இல்லை. ஒரு பேரரசு விலகியதன் விளைவு அரண்மனையோடு நிற்கவில்லை. அடுத்த பானையை எங்கே வாங்குவது என்ற கேள்வியாக, எழுதத் தெரியாத ஓர் உழவர் குடும்பத்தின் அடுப்படி வரைக்கும் அது வந்திருக்கிறது. எந்த வரலாற்று நூலும் அந்தக் குடும்பத்தின் பெயரைச் சொல்லாது. அவர்கள் பானை எங்கிருந்து வந்தது, அதில் என்ன வெந்தது, எப்போது அது கிடைக்காமல் போனது என்பதை மட்டும் நாம் அறிவோம். அதை நமக்குச் சொன்னவை மணலும் கரியும் கொழுப்பும்.

செய்து பாருங்கள்: பானை எவ்வளவு குடிக்கும்?

தேவையானவை: மெருகெண்ணெயோ வண்ணமோ பூசாத சிறிய மண் பூந்தொட்டி, பளபளப்புப் பூச்சுள்ள பீங்கான் குவளை, சமையலறைத் தராசு, ஒரு வாளி நீர், துணி.

1. பூந்தொட்டியையும் குவளையையும் ஒருநாள் முழுவதும் வெயிலில் நன்கு உலர்த்துங்கள்.

2. இரண்டையும் தனித்தனியே எடைபோட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. இரண்டையும் நீரில் முழுவதுமாக மூழ்கவைத்து 24 மணி நேரம் விடுங்கள். முதல் சில நிமிடங்களில் தொட்டியிலிருந்து குமிழிகள் கிளம்புகின்றனவா என்று கவனியுங்கள். அவை துளைகளில் இருந்த காற்று.

4. வெளியே எடுத்து, மேற்பரப்பு நீரைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, மீண்டும் எடைபோடுங்கள்.

5. கூடிய எடையை உலர்ந்த எடையால் வகுத்து 100ஆல் பெருக்குங்கள். தொட்டி உறிஞ்சிய நீரின் விழுக்காடு கிடைக்கும். குவளைக்கும் அவ்வாறே கணக்கிடுங்கள்.

இரண்டு விடைகளும் ஏன் வேறுபடுகின்றன? இந்தச் சோதனையில் எந்தெந்த மாறிகளை மாறாமல் வைத்திருந்தீர்கள்? இருபது நூற்றாண்டுகள் கழித்து ஓர் ஆய்வாளர் நம் வீட்டுக் குப்பைக்குழியைத் தோண்டினால், இந்த இரண்டில் எது நம் சாப்பாட்டைப் பற்றி அவருக்கு அதிகம் சொல்லும்? விடையைக் காரணத்தோடு உங்கள் அறிவியல் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.